சுவரின் சூடு

இரத்ததான முகாமில்தான் தொடங்கியது.
மக்கெய்சர் மைதானப் பந்தலுக்குள்
தாதி என் இடக்கையில் பட்டியைச் சுற்றிக்
காற்றேற்றினாள், இறக்கினாள்,
"பற்றரி முடிஞ்சுது" என்றாள்.
இரண்டாவது கருவிக்கும் முடிந்திருந்தது.
மூன்றாவதை வலக்கையில் கட்டியதும்
நூற்றெழுபது.
கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
கொடுக்காத இரத்தத்துக்கு
ஒரு பால் பக்கற்றைக் கையில் வைத்து
ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.

எனக்கு முப்பத்தொரு வயது.
துறைமுகக் கந்தோரில் கப்பல் வரவு பதிகிற வேலை.
இடக்கை சோர்வது
பஸ் கம்பியில் தொங்குவதால் என்றிருந்தேன்.

டொக்டர் குகதாரணி
கழுத்தில் குளிர்ந்த களியைப் பூசினார்.
திரையில் சாம்பல் நிறக் கடல்.
ஒலி போய், முட்டி, திரும்பி வந்து
என் நாடியின் இரு கரைகளையும் வரைந்தது.
"சுவர் தடிச்சிருக்கு, வழி ஒடுங்கியிருக்கு.
ஆனா இது இப்ப எரியுதா,
எரிஞ்சு ஆறின தழும்பா,
அதை இந்த மெசினால அறுதியாச் சொல்லேலாது."

எனக்கு விளங்கவில்லை, அண்ணனுக்கு விளங்கியது.
இரகுபதி அண்ணனுக்குச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை.
மத்தியான வெயிலில் இரும்புச் சுவரில்
உள்ளங்கையை வைத்து
மேலிருந்து கீழே இறக்குவான்.
சுடும், சுடும், பிறகு ஓரிடத்தில்
சட்டென்று தணியும்.
"எண்ணெய் இதுவரைக்கும் நிக்குது" என்பான்.
அளந்து பார்த்தால் விரற்கடைதான் பிழைக்கும்.
"உனக்கும் ஆரோ கை வச்சுப் பார்க்க வேணும்,
அவ்வளவுதான்."

இரவு ரயிலில் கொழும்புக்கு.
எனக்குச் சோறும் மாவும் சீனியும் தடை.
கந்தளாய் தாண்டியதும்
அண்ணன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு
இடியப்பம் தின்றான்.
மணம் திரும்பவில்லை.

அங்கே ஊசியில் ஏற்றியதோ சீனியைப் போலொன்று.
கதிர் வீசும் துணுக்கொன்றை
முதுகில் கட்டிக்கொண்டு இரத்தத்தில் இறங்கும்.
அழற்சி உள்ள இடத்துக் கலங்களுக்குப் பசி அதிகம்.
அள்ளித் தின்னும்.
தின்ற வாயே காட்டிக்கொடுக்கும்.
ஒரு மணித்தியாலம் தனியறை, போர்வை.
அசையக்கூடாது, பேசக்கூடாது,
பேசினால் தொண்டைத் தசை பங்கு கேட்குமாம்.
சுவரில் ஒரு பல்லி இருந்தது.
அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
அது சொல்லிக்கொண்டேயிருந்தது.

படத்தில் நான் வெளிறிய நிழல்.
மூளை எரிந்தது. "அது எல்லாருக்கும்."
சிறுநீர்ப்பை எரிந்தது. "அதுவும்."
பிறகு அந்த டொக்டர் ஒன்றும் பேசாமல்
பேனா முனையை நெஞ்சருகே வைத்தார்.
இதயத்தில் எழுந்து, வளைந்து,
இடத்தோளுக்குப் பிரியும் கிளைவரை
மஞ்சள். நடுவே வெள்ளை.
இரவில் உவர்மலையிலிருந்து பார்த்தால்
துறைமுகக் கரையில் விளக்குகள் வளையுமே,
அந்த வளைவு.
அழகாயிருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

"எரியுது," என்றார். "ஒருவகையில நல்லது.
நெருப்பெண்டால் அணைக்கலாம்.
தழும்புக்கு எங்களிட்ட மருந்தில்லை."

குளிசைகள் தொடங்கின.
முகம் ஊதியது.
கலியாணக் களை வந்துவிட்டதென்று
கந்தோரில் ஒருத்தர் சொல்லித் தானே சிரித்தார்.
மாரி வந்தது, கப்பல்கள் பிந்தின,
ஆஸ்பத்திரி வீதியில் மான்கள்
மதிலோரம் நனைந்துகொண்டு
தேர்தல் சுவரொட்டியைத் தின்றன.

ஏழாம் மாதம் திரும்பவும் கழுத்தில் களி.
சுவர் அதே தடிப்பு.
"உள்ளுக்க ஆறியிருக்கலாம்," என்றார் குகதாரணி.
அந்த 'லாம்' ஒன்றைத்தான்
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
கொழும்பில் அடுத்த திகதி தை கடைசியில்.

நேற்று மத்தியானம்
அண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து
என் இடது மணிக்கட்டில்
உள்ளங்கையை வைத்தான்.
வெகுநேரம் வைத்திருந்தான்.
"ஒண்டும் தெரியேல்ல" என்றான்.
கையை எடுக்கவுமில்லை.